நீ எழுதிய என் கடிதம்

கீழப்பட்டி,
துறையூர் வட்டம்.
ஆவணி 9, திங்கட்கிழமை தொடங்கியது.

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு அடைக்கலம் எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரப்பில் விட்ட ஆடுகள் மாதிரி ஒரு எழுத்து மேலே ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. பேனாவை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறேன் என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். அரைப் பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. தப்பு வந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். நான் சொல்வதைத் திருத்துவது உனக்குப் பழக்கம்தானே. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரியும்.

பயப்படாதே, இது நானே எழுதியதுதான். ஏழு மாதமாக நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். உனக்குத் தெரியாமல்தான் போனேன். பாதியில் நின்றுவிட்டால் சிரிப்பாய் என்று பயம். இப்போது பரீட்சையே எழுதிவிட்டேன். சொல்லிக்கொடுப்பது பால் சொசைட்டி சிவசங்கரின் மகள் பானுப்ரியா. டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண். வகுப்பில் பதினோரு பேர் பெண்கள், நான் ஒருவன்தான் ஆம்பிளை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு என்பதால் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது.

உறையின் மேல் உன் பெயர் பெரிதாகத் தமிழில் இருக்கும். அது நான் எழுதியது. பூனா விலாசத்தை மட்டும் பானுப்ரியா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. ஏ புள்ளே என்பேன், தமிழ்மணி அம்மா என்பேன். வாயால் கூப்பிட்டதைவிட இந்த ஏழு மாதத்தில் நோட்டில் எழுதியதுதான் அதிகம்.

இதை நீ மட்டும் படி. தமிழ்மணியோ வைஷ்ணவியோ படித்துக்காட்டட்டுமா என்று கேட்டால், கண்ணாடி இருக்கிறது, நானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு. மகன் மேலும் மருமகள் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. குக்கர் விசில், டிவி, பேரன் சித்தார்த்தனின் கூச்சல், எல்லாவற்றுக்கும் நடுவில் நீ சாப்பிட்டீங்களா என்கிறாய். நான் ஆச்சு என்கிறேன். இருபது மாதமாக நம் பேச்சு அவ்வளவுதான். அங்கே பத்து நாள் வந்து இருந்தபோதும் நான் ஹாலில், நீ குழந்தையோடு உள்ளே. நாம் இரண்டு பேரும் தனியாக இருந்தது லிஃப்டில் மட்டும்தான். எட்டு மாடி ஏறுவதற்குள் என்ன பேச முடியும்? ஒரு தடவை முட்டிக்குத் தைலம் போட்டீங்களா என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது.

இன்று செவ்வாய்க்கிழமை. நேற்று கை வலித்து நிறுத்திவிட்டேன்.

வகுப்புக்கு நான் ஏன் போனேன் என்று கேட்பாய். நீ கிளம்பும்போது காலை மாத்திரைப் பெட்டியில் சூரியனும், ராத்திரி மாத்திரைப் பெட்டியில் நிலாவும் வரைந்து வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? மார்கழி வரைக்கும் அதை வைத்தே ஓட்டினேன். அப்புறம் மருந்துக் கடையில் வேறு பெட்டி கொடுத்தார்கள். அதில் சூரியனும் இல்லை, நிலாவும் இல்லை. இரண்டும் ஒரே நிறம். மாற்றிப் போட்டுக்கொண்டு பம்ப் செட் பக்கத்தில் கொஞ்ச நேரம் விழுந்து கிடந்தேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. இட்லிக் கடை அமலராணிதான் பார்த்துத் தூக்கி உட்காரவைத்தது. “அண்ணே, நாளைக்கு வகுப்புக்கு வரலேன்னா உங்களுக்கு இட்லி கெடையாது” என்று சட்டம் போட்டது. அதன் கடை இட்லியை நம்பித்தான் காலைப் பொழுது போகிறது என்பதால் போனேன். சூரியன், நிலாப் பெட்டிகளை இன்னும் தூக்கிப் போடவில்லை. மாடத்தில் இருக்கின்றன.

இப்போது மாத்திரைப் பெயரைப் படித்துவிடுகிறேன். அதனால் அந்தக் கவலையை விடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போன சனிக்கிழமை திருச்சி போனோம். சமயபுரம், ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, முக்கொம்பு என்று திட்டம். கண்ணில் படும் போர்டை எல்லாம் படிக்க வேண்டும் என்பது பானுப்ரியாவின் உத்தரவு. கேட்கவா வேண்டும்! துறையூரிலிருந்து மண்ணச்சநல்லூர் வரை ஒரு போர்டை விடவில்லை. உரக்கடை, பல் ஆஸ்பத்திரி, பரோட்டாக் கடை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றையும் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். ஒரு கண்ணீர் அஞ்சலியைச் சிரித்துக்கொண்டே படித்துவிட்டுப் பிறகு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிரைவர், “எம்மா, எனக்கு ஹாரனே வேணாம் போலிருக்கே” என்றார்.

எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்த ரோட்டில் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் சுவர்கள் வெறும் சுவர்களாக இருந்தன. இப்போது எல்லாச் சுவரும் என்னோடு பேசுகின்றன. திரும்பித் திரும்பி உன்னிடம் காட்டப் பார்த்தேன். என் பக்கத்து சீட்டில் இருந்தது வெங்காயப் பை. திருவானைக்காவலில் இருக்கும் தங்கச்சி இருசம்மாளுக்குக் கொடுக்கலாம் என்று இந்தப் பட்டத்தில் விளைந்த சின்ன வெங்காயம் ஐந்து கிலோ எடுத்துப் போயிருந்தேன். பெண்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துகொண்டார்கள். நானும் வெங்காயமும் ஒரு ஜோடி.

சமயபுரத்தில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். யாரோ ஒரு ரோகிணிக்காரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் எழுதும்போது உன் நட்சத்திரம் என்னவென்று எழுது.

ஸ்ரீரங்கத்தில் தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம். கீழச் சித்திரை வீதி, உத்திர வீதி. பெருமாளைப் பார்க்கப் பெரிய கூட்டம். தாயார் சன்னிதியில் அவ்வளவு இல்லை. அங்கே இருந்த வயசான அர்ச்சகர் பானுப்ரியா கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்: “எங்க தாயார் படி தாண்ட மாட்டா. பெருமாள்தான் இங்கே எழுந்தருளணும். பங்குனி உத்திரத்தன்னிக்கு ரெண்டு பேரும் சேர்த்தியா ஒக்காந்திருக்கறதை சேவிக்கக் கண் கோடி வேணும்.” உடனே அமலராணி சும்மா இராமல், “அண்ணே, பெருமாளே பொண்டாட்டியைத் தேடி வர்றாராம். நீங்க எப்ப பூனாவுக்கு?” என்றது. அது சர்ச்சுக்குப் போகிற ஆள். ஆனாலும் எங்கே போனாலும் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் அதற்குச் சரியாகக் காதில் விழும். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அர்ச்சகர் கையில் கொடுத்த மஞ்சளை உனக்கென்று மடித்து வைத்திருக்கிறேன். இந்த உறைக்குள் இருக்கிறது. பிரிக்கும்போது கொட்டிவிடாதே.

புதன்கிழமை எழுதுகிறேன்.

மலைக்கோட்டைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. நானூறு படிக்கு மேல் என்றார்கள். என் முட்டி கீழேயே நின்றுவிட்டது. நான் பானுப்ரியாவிடம், நீங்கள் எல்லோரும் ஏறிவிட்டு முக்கொம்பும் பார்த்துவிட்டு வாருங்கள், நான் அதற்குள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன், திரும்பும்போது திருவானைக்காவலில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் பயம். “தாத்தா, தனியாவா? பஸ் மாறிடப் போறீங்க” என்றது. ஏழு மாதம் நீ சொல்லிக்கொடுத்தது பின்னே எதற்கு என்று கேட்டேன். அதற்கு மேல் அது தடுக்கவில்லை. ஆனால் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். எண் எனக்கு முன்பே தெரியும். ஆகவே பஸ் நம்பரைப் பார்க்கவே இல்லை. எழுத்தை மட்டும் பார்த்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவதில் திருவானைக்காவல் என்று எழுதியிருந்ததை முழுசாகப் படித்துவிட்டு ஏறினேன். ஆனாலும் கண்டக்டரிடம் திருவானைக்காவல் போகுமா என்று கேட்டேன். பழக்கதோஷம். “போர்டுல போட்டிருக்குல்ல பெரியவரே” என்றார். ஆமாம், போட்டிருக்கு, படிச்சேன் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காவிரிப் பாலத்தில் போகும்போது இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. நீ இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாய். நானே கும்பிட்டுக்கொண்டேன்.

இறங்கின பிறகுதான் தடுமாற்றம். கோயில் பக்கம் கடைகள் எல்லாம் மாறிவிட்டன. இருசம்மாள் தெரு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போன தடவை நீ முன்னால் நடந்தாய், நான் பின்னால் வந்தேன். வழியை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாசில் என்று ஒரு ஆட்டோக்காரத் தம்பி, வண்டியின் பின்னால் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். அதைப் படித்து, பாசில் தம்பி என்று கூப்பிட்டேன். “என்னைத் தெரியுமா ஐயா?” என்று ஆச்சரியப்பட்டார். உங்கள் வண்டி சொல்லுது என்றேன். தங்கச்சி வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்.

இருசம்மாளுக்கு என்னைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. முதல் கேள்வி, “அண்ணி எங்கே?” என்பதுதான். பூனாவில் என்று தெரியும். ஆனாலும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, தவறிய பிறகு மெலிந்துவிட்டாள். மகள் அனுசுயாவும் பிள்ளைகளும் மாடியில் இருக்கிறார்கள். முருங்கைக்காய்ச் சாம்பாரும் நான் கொண்டுபோன வெங்காயத்தை உரித்துப் போட்டு ஒரு காரக்குழம்பும் வைத்தாள். இரண்டு பேரும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். நம்பவில்லை. அனுசுயாவைக் கூப்பிட்டு, “கேளுடி, ஒங்க மாமா கலெக்டருக்குப் படிக்கிறாராம்” என்றாள். பேப்பரைக் கொடு படிக்கிறேன் என்றேன். “பேப்பர் எதுக்கு? ஒன் கடுதாசியை நீயே படி, பாக்கலாம்” என்று உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்தாள்.

பொன்னுத்தாய், அது நீ எழுதிய கடிதம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தினது. அனுசுயா பெரிய மனுஷி ஆன விசேஷத்தின்போது எழுதியது.

உனக்கு ஞாபகம் இருக்கும். தாய்மாமன் நான். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்து வீடு தேடி வந்து அழைக்க வேண்டிய ஆள். மாப்பிள்ளை லீவு கிடைக்கவில்லை என்று பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பத்திரிகையை மாட்டுத் தொட்டியில் போட்டேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொன்னேன். வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடத் தெரியாதவளுக்கு அண்ணன் எதுக்கு, மாமன் சீரும் கெடையாது, மண்ணாங்கட்டியும் கெடையாது, இன்னையோட அத்துப்போச்சு என்று எழுதச் சொன்னேன். நீ எழுதினாய். படித்துக் காட்டு என்றேன். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல், தடுமாறாமல், தாளைப் பார்த்துப் படித்துக் காட்டினாய். திருப்தியாக இருந்தது. கீழே என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். அந்த ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரியும்.

அந்தக் கையெழுத்தைத்தான் சனிக்கிழமை முதலில் பார்த்தேன். அது என்னுடையதுதான். அதற்கு மேலே இருந்ததைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். இருசம்மாளும் அனுசுயாவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்க வந்தது. அதனால் அடுத்த சொல் என்னவென்று எனக்கே முன்கூட்டித் தெரியாது.

அன்புத் தங்கை இருசம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. பத்திரிகை கிடைத்தது. நாலு நாளாகக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. தாய்மாமன் வந்து சபையில் நிற்காதது பெரிய குறைதான். அண்ணன்மேல் தப்பு. மனதில் வைத்துக்கொள்ளாதே. மாமன் சீராக இந்த அரக்குப் பட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். குழந்தை முதலில் இதை உடுத்தட்டும்.

இதுவரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினேன். இருசம்மாள், எழுத்துத் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, “போதும் விடுண்ணே, நம்பிட்டேன்” என்றாள். அனுசுயா போய் ஆல்பத்தை எடுத்து வந்தது. சடங்குப் போட்டோ. பதிமூன்று வயசுப் பெண் உன் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நம் கல்யாணத்து மறுநாள் நீ கட்டிய சேலை. அதை எலி கடித்துவிட்டது என்று நீ சொன்னாய். அந்த எலியைப் பிடிக்க ஒரு மாதம் பொறி வைத்தேன் நான். நீயும் தினமும் அந்தப் பொறியில் கருவாட்டுத் துண்டு வைத்தாயே, அடிப் பாவி.

இன்னும் கேள். விசேஷம் முடிந்த ஒரு வாரத்தில் இருசம்மாள் ஒரு டஜன் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொடுத்து அனுப்பினாளே. அது காய்ச்சல்காரனுக்கு வந்தது. நான் என்ன நினைத்தேன்? தங்கச்சி பயந்துபோய்ச் சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்தேன். டீக்கடையில் போய், பாத்தியா, ஒரே கடுதாசியில் வழிக்குக் கொண்டாந்துட்டேன் என்று மார் தட்டினேன். நீ சுளை சுளையாக உரித்துக் கொடுத்தாய். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அவர்கள் வந்தபோது மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இப்ப உடம்பு தேவலாமா என்று கேட்டார். என் உடம்புக்கு என்ன கேடு என்று நான் வாயைத் திறப்பதற்குள், நீ உள்ளேயிருந்து காபி ஆறுது வாங்க என்று கூப்பிட்டாய். எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வருகிறது.

நான் மன்னிப்புக் கேட்டதாக இருசம்மாள் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் இறங்கி வந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தவறிப்போனபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு நான்தான் போய் நின்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சொன்னதை நீ அப்படியே எழுதியிருந்தால் அன்றைக்கு அவளுக்கு யார் கோடி கொண்டுபோயிருப்பார்கள்? சனிக்கிழமை அந்த வீட்டில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். “கையெழுத்து அண்ணியோடது. ஆனா வார்த்தை அண்ணனோடதுன்னு எனக்குத் தெரியும். ஒனக்குக் கோவம் வந்தா வாய்தான் அப்படி, மனசு இப்படி” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்தக் கடிதத்தில் கடைசியாக இரண்டு வரி இருந்தது. அதை நான் சத்தமாகப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்தேன். ஒரு கடிதத்தை மனசுக்குள் படிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கை முடியவில்லை.

வியாழக்கிழமை.

திரும்பி வந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்து மணிக்கு வேன் வந்தது. இருசம்மாள் ஒரு டப்பாவில் காரக்குழம்பும், உனக்கென்று ஒரு பொட்டலம் சுண்டைக்காய் வற்றலும் கொடுத்தாள். “அண்ணி எப்ப வருது?” என்று வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வரும் என்றேன். எப்ப என்று மறுபடியும் கேட்டாள். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினார்கள். நல்ல தண்ணீர். வரும்போது யாரும் போர்டு படிக்கவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. மேலத்தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். உன் செவ்வரளி நிறையப் பூக்கிறது, பறிக்க ஆளில்லை. வீட்டில் இருக்கிற எழுத்தையெல்லாம் படித்துவிட்டேன். காலண்டர், அரிசிப் பை, ரேஷன் கார்டு, சோப்பு உறை. ஒரே நாளில் முடிந்துவிட்டது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சிலிண்டர் மாற்றிய தேதிகளை நீ பென்சிலால் எழுதி வைத்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஒன்றரை மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று நீளமாக இறங்கி வருகிறது. கடைசித் தேதி நீ பூனாவுக்குக் கிளம்பிய வாரம். அதற்குக் கீழே என் கையால் ஒரு தேதியைச் சேர்த்தேன். இருபது மாதத்தில் மாற்றியது அந்த ஒன்றுதான்.

இப்போது அந்த இரண்டு வரிக்கு வருகிறேன். நீ இப்படி எழுதியிருந்தாய்: உன் அண்ணிதான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். பொன்னுத்தாய் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது, தங்கச்சி.

இதை நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, அப்புறமும் சொன்னதில்லை. நான் சொல்லாத மற்றதையெல்லாம் நீ எழுதியது என் தங்கச்சிக்காக. இந்த ஒரு வரியை யாருக்காக எழுதினாய்? எழுதிவிட்டு என் முன்னால் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாயே, நான் போட்டேனே, அப்போது என் முகத்தைப் பார்த்தாயா? சனிக்கிழமையிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்மணி போனில் கேட்டான். சித்தார்த்தன் ஸ்கூலுக்குப் போகிற வரைக்கும், இன்னும் இரண்டு வருஷம், அம்மா இங்கேயே இருக்கட்டுமா அப்பா, என்ன சொல்றீங்க என்றான்.  பின்னால் நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் சரி என்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடியும் வந்தது.

வைஷ்ணவிக்குத் தாய் இல்லை. நல்ல பெண். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி இருட்டினபிறகு வருகிறது. பேரனையும் யாரோ கையில் விட முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை. நான் சொன்ன அந்தச் சரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது ஸ்பீக்கரில் சொன்னது.

அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று தமிழ்மணி கேட்பான். நீயே இந்தத் தாளைப் பார்த்துப் படித்துக் காட்டு. நான் எழுதியதைத்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. அப்பா இப்படிச் சொல்கிறார் என்று உனக்குத் தோன்றுவதைப் படி. வரட்டும் என்று படித்தாலும் சரி, இருக்கட்டும் என்று படித்தாலும் சரி. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வாயில் நீ வைத்த எந்த வார்த்தையும் இதுவரை கெட்டுப்போனதில்லை.

ஒரு வரி மட்டும் நான் எழுதிவிடுகிறேன். அது முன்பு உன் கையெழுத்தில் இருந்தது. இனிமேல் என் கையெழுத்திலும் இருக்கட்டும்.

பொன்னுத்தாய் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது.

இந்த வரி மட்டும் கோட்டில் நேராக வந்திருக்கிறது, பார்.

சித்தார்த்தனுக்கு ஸ்ரீரங்கத்து மஞ்சளில் கொஞ்சம் நெற்றியில் வை. தமிழ்மணியும் வைஷ்ணவியும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் கண்ணாடி தேய்ந்துவிட்டது என்றாயே, மாற்றிக்கொள். என் எழுத்துக்கு நல்ல கண்ணாடி வேண்டும்.

வருகிற வாரமும் எழுதுவேன். அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். வாரம் ஒன்று தவறாது. நீ வந்து சேர்கிற வாரம்தான் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
உன்
அடைக்கலம்